கழுவாத சளி

"முள்ளை வெட்டி அடைச்சா ஆடு வராது, ஆனா..." என்று தொடங்கி, வரப்புத் தகராறுகளில் அருளப்பனின் பெரியப்பா ஒரு பேச்சுப் பேசுவார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு ஏதோ ஒன்று உண்டு. கூட்டம் சிரித்துக் கலைந்துவிடும். பின்பாதி அருளப்பனுக்கு மறந்துபோயிருந்தது.

நாற்பத்தெட்டு வயதில் அவன் மறுபடி மாணவன் ஆகியிருந்தான். பாதி ஆயுசை வெளிநாட்டு ஆய்வகங்களில் கழித்துவிட்டு, மலையடிவாரத்து நெஞ்சு நோய் மருத்துவமனையில் டாக்டர் பூங்கோதையிடம் வந்து சேர்ந்தான், நோயாளியைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொள்ள. அவள் அவனைவிட இளையவள். வார்டில் அவனுக்கு 'நரைச்ச ஸ்டூடண்ட்' என்று பெயர்.

அவன் படித்தது ஒரே விஷயம். கிருமி வந்தால் சில வெள்ளை அணுக்கள் தம் வயிற்றுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையையே உருவி வெளியே வீசும். அது வலையாக விரிந்து கிருமியைப் பிடிக்கும். ஒவ்வாமைக்காரர்களுக்கு அந்த வலையே சளியோடு இறுகி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். அணுக்களை வலை வீசவிடாமல் தடுக்கும் மருந்து ஒன்றை அவனும் கூட்டாளிகளும் கண்டுபிடித்திருந்தார்கள். அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்கு இந்த மருத்துவமனையில் அனுமதி வாங்கியாயிற்று. இன்று சாயங்காலத்துக்குள் முதல் நோயாளி சேராவிட்டால் அது வேறு நாட்டுக்குப் போய்விடும்.

அவன் மனசுக்குள் குறித்து வைத்திருந்தது சுடலைவடிவை.

கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்துக் காயப்போடுகிறவள். மழையில் பூத்துப்போன கொப்பரையைப் புரட்டினால் பூசணத்தின் பச்சைப் பொடி பறக்கும். மற்றவர்களுக்கு அது ஒரு தும்மலோடு போகும். இவளுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். இந்த முறை இடது நுரையீரலில் பாதிக்குக் காற்றே போகவில்லை.

"என்னைய எப்பய்யா விடுவீக?"

"மூச்சு நல்லா வரட்டும், அக்கா."

"அது வாரதுக்குள்ள எமன் வந்துருவான் போலிருக்கே."

வராந்தாவுக்கு வந்ததும் அருளப்பன் கேட்டான். "மேடம், வலையையே வீசவிடாம நிறுத்திட்டா என்ன?"

"அவங்க துப்பினதைக் கொண்டு வாங்க."

சளி தடவிய கண்ணாடி வில்லையை அவன் கொண்டுவந்தான்.

"இது நீங்க கழுவினது. கழுவாதது எங்கே?"

"கழுவாம எப்படி மேடம்? சளியைக் கரைச்சு, சுழற்றி, அணுக்களை மட்டும்தான் எடுத்துப் பார்ப்போம். நான் வேலை செஞ்ச எல்லா ஊர்லயும் அதான் முறை."

"மிச்சம்?"

"கொட்டிருவோம்."

பூங்கோதை சுடலைவடிவின் கட்டிலுக்குத் திரும்பிப் போனாள். ஆவி பிடிக்க வைத்தாள். குனிய வைத்து, முதுகை விடாமல் தட்டினாள். நெஞ்சைக் கிழிக்கிற மாதிரி ஓர் இருமல். ரப்பர் துண்டு போல ஏதோ ஒன்று தட்டில் விழுந்தது. அதை அப்படியே உப்புநீரில் மிதக்கவிட்டாள். சுருண்டு கிடந்தது மெல்ல அவிழ்ந்தது. ஒரு தண்டு, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை.

சுடலைவடிவு எட்டிப் பார்த்தாள். "ஏ ஆத்தி! வேரா இது? நான் எப்பய்யா மரத்தை முழுங்குனேன்?"

"முழுங்கலை. நீங்களே உள்ளே வளர்த்தது."

"அப்ப என் மருமவ பேரை வைங்க. அவளும் இப்படித்தான், தொண்டையில நிப்பா."

அருளப்பன் சிரிக்கவில்லை. பையில் போன் அதிர்ந்தது, சோதனைக் குழுவின் அழைப்பு. எடுக்கவில்லை.

நுண்ணோக்கியில், கழுவாமல் சாயமேற்றிய துணுக்கு. இழை இழையாக வலை. அது அவனுக்குத் தெரிந்ததுதான். ஆனால் வலைக்குள்ளே, கணு வைத்து, கவடு விட்டு, பூசணம். போகிற பக்கமெல்லாம் இழை சுற்றி, அசையவிடாமல்.

அவன் கண்ணை எடுக்க நேரமாயிற்று.

"இத்தனை வருஷம் வலை பார்த்திருக்கேன் மேடம். எல்லாம் தட்டுல வச்ச அணு. நானே மருந்தை விட்டு உசுப்பிவிட்டது. ஒண்ணுலகூட மீன் இருந்ததில்லை."

"வலை இல்லைன்னா இந்த மீன் இப்ப எங்கே இருக்கும்?"

அவன் நெஞ்சுப் படத்தைப் பார்த்தான். வலை இல்லாவிட்டால் பூசணம் அந்த நுரையீரல் சதைக்குள்ளேயே இறங்கியிருக்கும்.

ஆனால் அவன் விடுகிற ஆளும் இல்லை. "அடைக்கிறதும் இதேதானே மேடம்? மீனுக்குப் பயந்து வலையை விட்டு வச்சா அந்தம்மா மூச்சு முட்டியே செத்துருவாங்க."

"செத்துருவாங்க."

"தடுத்தாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. அப்ப நான் எந்தப் பக்கம் நிக்கிறது?"

"வலை வீசின அணு எங்கே? அதைக் காட்டுங்க எனக்கு."

அவன் மறுபடி குனிந்து தேடினான். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. அணுக்களின் கிழிந்த உறைகள் கிடந்தன. அவற்றுக்குள்ளிருந்து சிதறிய நுண்மணிகள் கிடந்தன.

"இல்லை மேடம். உருவிப் போட்டதோட அது முடிஞ்சுபோச்சு."

பூங்கோதை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"குளத்துல வீச்சுவலை போடுறவன் கயித்து நுனியைக் கையில கட்டியிருப்பான், பார்த்திருக்கீங்களா? போட்டதை அவனே இழுத்துக் கரையேத்துவான். இதுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. வீசினவன் போயாச்சு, அருளப்பன். வலையும் கிடக்கு, மீனும் கிடக்கு. இழுக்கிறது யாரு?"

பெரியப்பாவின் பின்பாதி அருளப்பனுக்கு நினைவு வந்தது: 'ஆனா அடைச்ச முள்ளை அப்புறம் அள்ளுறது யாரு?' போன் மறுபடி அதிர்ந்தது. பக்கத்து அறையில் சுடலைவடிவின் மூச்சு விசில் போல இழுத்துக்கொண்டிருந்தது.

அருளப்பன் போனை எடுத்து, முதல் நோயாளி இல்லை என்று சொன்னான். பிறகு பூங்கோதையோடு பக்கத்து அறைக்குப் போய், கைகழுவி, கையுறை மாட்டி, சுடலைவடிவின் மூச்சுக்குழாயில் அடைத்திருந்ததை உறிஞ்சி எடுக்கும் குழாயை ஆசிரியையின் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.