கோமதிநாயகத்தின் சிவப்புக் கார் பழுதுபார்க்கப்பட்ட வரலாறு

நெட்டூரணி என்னும் ஊரில் அறிவுக்குப் பஞ்சம் என்று சொல்பவர்கள் அவ்வூரைக் கண்ணால் கண்டறியாதவர்கள். அங்கே அறிவு நிறையவே இருந்தது. அதை வெளியே எடுத்துப் புழங்கும் வழக்கம் மட்டும் யாருக்கும் இல்லை.

அவ்வூர்க் கோமதிநாயகத்துக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் கூடிவரவில்லை. ஆறு இடங்களில் பெண் பார்த்தார், ஆறு பெண்களும் அவரைப் பார்த்தார்கள், அத்தோடு முடிந்தது. ஏழாவதாக, ஒன்பது மைல் தள்ளியிருந்த ஆலங்கரையில், செண்பகவடிவு என்ற பெண் மட்டும் காப்பித் தம்ளரை நீட்டும்போது அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அன்று முதல் கோமதிநாயகம் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, சாப்பிட மறந்து கை கழுவத் தொடங்கினார்.

பெண்ணின் தகப்பனார் ஆவுடையப்பன் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். மாப்பிள்ளை சொந்தக் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குள் பந்தல் வாசலில் வந்து நிற்க வேண்டும். ஒரு நிமிஷம் தவறினாலும், செண்பகவடிவின் முறைமாப்பிள்ளை பட்டு வேட்டியோடு பந்தலிலேயே தயாராக உட்கார்ந்திருப்பான்.

ஆகவே கார் வாங்கப்பட்டது. மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் சாக்கு மூடிக் கிடந்த பழைய பந்தயக் கார் அது. சீமையில் செய்தது; செக்கச் சிவப்பு; கூரை கிடையாது. உள்ளே இரண்டு பேர் உட்காரலாம், மூக்கின்மேல் நான்கு பேர் படுக்கலாம். ஒரு டிராக்டர் அதை ஆலங்கரை வழியாக இழுத்துவந்து, திங்கட்கிழமை காலையில் கோமதிநாயகத்தின் கொட்டகைக்குள் விட்டுச் சென்றது. அதன் பிறகு கார் அசையவில்லை.

மெக்கானிக் லூர்து வந்து பார்த்தார். இன்ஜினில் குறை ஒன்றுமில்லை, உள்ளே பூராவும் அழுக்கு, கழற்றிக் கழுவிப் பூட்டினால் சிட்டாகப் பறக்கும் என்றார். ஆனால் தங்கை வீட்டுப் பால் காய்ப்புக்காக அவர் தூத்துக்குடி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும், சனிக்கிழமைதான் திரும்புவார். பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி அவர் சொன்னதாவது:

"நீங்களே செய்யலாம். கழத்தும்போது ஒண்ணு விடாம வரிசையா எழுதி வையுங்க. மாட்டும்போது கடைசியா எழுதினத மொதல்ல செய்யணும், மொதல்ல எழுதினதக் கடைசியில செய்யணும். ஒண்ணு மாறினாலும் வண்டி நகராது."

ஒன்று விடாமல் என்று சொல்லிவிட்டார் அல்லவா? பத்திரம் எழுதுவோரிடம் பழகிக் கையெழுத்தை முத்தாக்கிக்கொண்ட பூலோகபாண்டி ஒரு நோட்டுடன் உட்கார்ந்தார். கோமதிநாயகமும், அவருடைய தாய்மாமன் வன்னியப்பெருமாளும், அக்காள் கணவர் இசக்கியப்பனும் கழற்றினார்கள். பொழுது சாய்வதற்குள் நூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள் சேர்ந்தன. அவற்றுள் ஐம்பத்தொன்று காரின் பாகங்களைப் பற்றியவை. மற்றவை அன்றைக்கு நடந்த மற்றவற்றைப் பற்றியவை.

செவ்வாய்க்கிழமை கழுவிக் காய வைத்தார்கள். புதன்கிழமை விடிந்ததும் பூட்டத் தொடங்கினார்கள்.

நூற்றுப் பன்னிரண்டாம் குறிப்பு, 'யாவரும் வீட்டுக்குச் சென்றோம்' என்றது. அதன்படி யாவரும் வீட்டிலிருந்து வந்தார்கள். தொடக்கமே இவ்வளவு சரியாக அமைந்ததில் எல்லோருக்கும் தெம்பு பிறந்தது.

அடுத்தது, 'அக்காள் பேச்சியம்மாள் நான்கு தம்ளர் சுக்குக் காப்பி கொடுத்தாள், குடித்தோம்.' இவர்கள் நான்கு தம்ளர் சுக்குக் காப்பி போட்டுப் பேச்சியம்மாளிடம் கொண்டுபோய் நீட்டினார்கள். தம்பியின் வாழ்க்கை இதில்தான் இருக்கிறது என்று சொன்னதால் அவள் நான்கையும் மூச்சு விடாமல் குடித்தாள். பிறகு கார்புரேட்டர் பூட்டப்பட்டது.

தொண்ணூற்றெட்டு, 'சமாதானம்.' தொண்ணூற்றேழு, 'மாமாவுக்கும் இசக்கியப்பனுக்கும் சண்டை.' இருவரும் முதலில் கட்டித் தழுவிச் சமாதானம் ஆனார்கள். அதன்பின் சண்டை போட வேண்டும். இருவருக்கும் கோபம் வரவில்லை. இசக்கியப்பன் மிகுந்த பணிவோடு, மாமாவின் மீசை கரப்பான் பூச்சியைப் போல் இருப்பதாகத் தொடங்கிவைத்தார். மாமா அவருடைய பரம்பரையை எடுத்துக்கொண்டார். சண்டை மிக நேர்த்தியாக அமைந்தது. ஆனால் சமாதானத்தை முன்கூட்டியே செலவழித்துவிட்டதால், அதை முடிக்க வழியில்லாமல் போயிற்று. அதன்பின் இரண்டு நாளும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஸ்பேனர் வேண்டுமென்றால் மாமா பூலோகபாண்டியிடம் சொல்ல, அவர் ஒரு முழத் தூரத்தில் இருந்த இசக்கியப்பனிடம் சொன்னார்.

எழுபத்திரண்டாம் குறிப்பில் நெடிய விவாதம் எழுந்தது. திங்கட்கிழமை இசக்கியப்பன் காலில் பெரிய ஸ்பேனர் விழுந்தது. உடனே அவர் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையும் நோட்டில் முத்து முத்தாக எழுதப்பட்டிருந்தது.

"மொதல்ல வார்த்தையைச் சொல்லும், பொறவு ஸ்பேனர்" என்றார் பூலோகபாண்டி.

"வலிக்காம அத எப்படிவே சொல்ல? பொம்பளையாளுக நடமாடுத எடம்."

"நீரு சொல்லிட்டு இரும். வலி பின்னால வந்து சேரும்."

இசக்கியப்பன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பிறகு ஸ்பேனரை அவர் பாதத்தின்மேல் வைத்தார்கள். 'வேகமாக விழுந்தது' என்று குறிப்பு இருந்ததால், கோமதிநாயகம் அதை வேகமாகவே மேலே தூக்கினார். அது மாமாவின் தாடையில் போய் நின்றது. மாமாவும் அதே வார்த்தையைச் சொன்னார். இதை நோட்டில் ஏற்றுவதா என்று ஆலோசித்து, ஏற்றினால் இதையும் ஒருநாள் திருப்பிச் செய்ய நேரும் என்று அஞ்சி விட்டுவிட்டார்கள்.

நாற்பத்தைந்தாம் குறிப்பின்படி ஒரு வெள்ளாடு வந்து, சீட்டை முகர்ந்து, போயிருந்தது. அந்த ஆட்டையே தேடிப் பிடித்தார்கள். அது வாலை முன்னே விட்டு வந்து, முகர்ந்து, வாலை முன்னே விட்டே போக வேண்டும். இருவர் கொம்பைப் பிடித்துத் தள்ளினர். இருவர் வாலைப் பிடித்து வரவேற்றனர். வியாழன் மதியம் வரை இது நடந்தது. ஆட்டுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டம் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

முப்பதாம் குறிப்பு, 'தூறல்.' வாளியில் நீர் மொண்டு வானத்தை நோக்கி எறிந்தார்கள். அது மறுபடியும் கீழே வந்து பழைய வரிசையையே பிடிவாதமாகக் கடைப்பிடித்தது. எறிந்த கையோடு நால்வரும் ஓடிக் கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டு, விழுவதைப் பார்க்காமல் இருந்ததால் கணக்கு நேராயிற்று.

இரண்டாம் குறிப்பு, 'மாமா தும்மினார்.' தும்மலை உள்ளே இழுப்பதற்கு மாமா வெகுநேரம் முயன்றார். இறுதியில் ஒரு விக்கல் வந்தது. போதும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இவ்வளவுக்கும் இடையே ஐம்பத்தொரு பாகங்களும் இம்மி பிசகாமல் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தன. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோமதிநாயகம் பட்டு வேட்டியோடு ஏறிச் சாவியைத் திருகினார். கார் சிங்கம்போல் உறுமிற்று. அவர் கண்கள் கலங்கின.

மிஞ்சியிருந்தது முதற்குறிப்பு ஒன்றே. 'கார் மூக்கு முன்னாக ஆலங்கரைச் சாலை வழியே வந்து கொட்டகைக்குள் புகுந்தது.'

"மாமா, வண்டிதான் ஓடுதே" என்றார் கோமதிநாயகம். "வெளிய எடுத்துத் திருப்பிட்டு, நேராப் போயிருவமா?"

"லூர்து என்ன சொன்னாரு? ஒண்ணு மாறினாலும் நகராது. பாதி வழியில நின்னுட்டா, ஒன் மாமனாரு அந்த முறைமாப்பிள்ளைக்குத் தாலிய எடுத்துக் குடுத்திருவாரு. பின்னாலயே போ மருமவனே."

செண்பகவடிவின் சிரிப்பை நினைத்துக்கொண்டு கோமதிநாயகம் ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

ஒன்பது மைலும் கார் பின்பக்கமாகவே சென்றது. கோமதிநாயகம் கழுத்தை முறுக்கித் திரும்பி உட்கார்ந்து ஓட்டினார். பக்கத்தில் மாமா மடியில் தாலியோடு இருந்தார். இசக்கியப்பனும் பூலோகபாண்டியும் மூக்கின்மேல் சம்மணமிட்டிருந்தார்கள். பின்னால் வந்த டவுன் பஸ் இவர்களோடு முகத்துக்கு முகம் பார்த்தபடி நான்கு மைல் ஊர்ந்தது. கண்டக்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, எங்கே பயணம் என்று விசாரித்தார். இசக்கியப்பன் கல்யாணத்துக்கு என்றார்.

"போறீயளா, போயிட்டு வாறீயளா?" என்றார் கண்டக்டர்.

இசக்கியப்பன் யோசித்துப் பதில் சொல்வதற்குள் பஸ் வேறு சாலையில் திரும்பிவிட்டது.

ஒன்பது இருபதுக்குக் கார் பந்தல் வாசலில் வந்து நின்றது. பத்து நிமிஷம் மிச்சம். கோமதிநாயகத்தின் கழுத்து மட்டும் திரும்பிய பக்கமே நின்றுவிட்டது.

ஆலங்கரை அறிவில் நெட்டூரணிக்கு எள்ளளவும் இளைத்த ஊரன்று. ஆவுடையப்பன் வாசலுக்கு வந்து, காரை நன்றாகப் பார்த்து, தம் தம்பியை அழைத்தார்.

"வண்டி மூஞ்சி எந்தப் பக்கம் பாத்து நிக்கி?"

"மாப்பிள்ளை ஊரப் பாத்து நிக்கி, அண்ணாச்சி."

"அப்பக் கெளம்பிட்டாங்கன்னுலா அர்த்தம். கல்யாணம் எப்ப முடிஞ்சிது?"

"நான் பந்தியில இருந்தேன். நீங்க பாக்கலியா?"

தாம் பெற்ற மகளின் கல்யாணத்தைப் பார்க்கவில்லை என்று ஊரார் முன்னிலையில் எப்படிச் சொல்வது? ஆவுடையப்பன் பார்த்தேன் என்றார். மற்றவர்களும் பார்த்ததாகச் சொன்னார்கள். முறைமாப்பிள்ளை, தாலி கட்டும்போது தான் அட்சதை போட்டதாகவே சொன்னான். பெண்கள் அழத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் தாம்பூலப் பை கொடுக்கப்பட்டது. செண்பகவடிவை அழைத்துவந்து கோமதிநாயகத்தின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்; மாமா மூக்குக்கு இடம் மாறினார். மாமனார் கண்ணீர் விடும்போது குறுக்கே பேசுவது மரியாதை அல்ல என்று கோமதிநாயகமும் வாய் திறக்கவில்லை.

நோட்டு முடிந்துவிட்டபடியால், மூக்கின்மேலிருந்த மூவரும் வழி சொல்ல, கார் இப்போது முன்பக்கமாகவே பறந்தது. பத்து மணிக்கு நெட்டூரணி வந்து சேர்ந்தார்கள். இறங்கும்போது மாமா மடியைத் தடவிப் பார்த்துத் தாலியை வெளியே எடுத்தார்.

எல்லோரும் தாலியைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"பதறாதீங்க" என்றார் பூலோகபாண்டி. "கல்யாணத்துல கடைசி வேலை பொண்ணக் கூட்டிட்டு வாறது. அது முடிஞ்சிட்டு. லூர்து சொன்ன வரிசைப்படி இனி அதுக்கு முந்தினது."

எல்லோருக்கும் உயிர் வந்தது. முதலில் பந்தி நடந்தது. எழுந்து கை கழுவியதும், முகூர்த்தம் தப்புமுன் தாலி கட்டப்பட்டது. செண்பகவடிவு அப்போதும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். மறுவாரம் ஆவுடையப்பனை வரவழைத்து நிச்சயம் செய்தார்கள். மீந்திருந்தது பெண் பார்ப்பது மட்டுமே. முன்பு பார்த்தது வரிசை தப்பிப் பார்த்தது. அது செல்லாது என்று முடிவாயிற்று.

ஆகவே ஒரு நல்ல நாளில் கோமதிநாயகம் தம் வீட்டிலிருந்து வெளியேறி, தெருவைச் சுற்றி வந்து, தம் வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைந்தார். செண்பகவடிவு பஜ்ஜியும் கேசரியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் ஒதுங்கி நின்றாள். ஆலங்கரையிலிருந்து வந்திருந்த பெண் வீட்டார், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். மாமா வாயைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தில் எல்லோரும் சொல்வதையே சொன்னார்: ஊருக்குப் போய்க் கலந்து பேசிவிட்டுக் கடுதாசி போடுகிறோம்.

இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. கடுதாசி இன்னும் வரவில்லை. தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரர் தெருவில் திரும்பியதும், செண்பகவடிவு மூத்தவனைக் கையில் பிடித்து, இளையவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஏதாவது பதில் வந்திருக்கிறதா என்று கேட்கிறாள். இல்லை என்கிறார் அவர். உள்ளே கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருக்கும் கோமதிநாயகம் சீப்பை நிறுத்திவிட்டு, நெஞ்சு படபடக்கக் குரல் கொடுக்கிறார்:

"என்ன சொல்லிட்டாங்களாம்?"