மூணு டம்ளர் கருந்தண்ணி

படுத்துட்டயா சாமி? காலை நீட்டிக்க. வெள்ளக்கோயில் பக்கம் ஒரு ஊர்ல ஒரு கரிக்காரம்மா இருந்தா. பேரு தெய்வாத்தா. அவளுக்கு ஒரே புள்ள, பூவரசி. உன்னாட்டவே ஆறு வயசு. "ம்" கொட்டு.

"ம்."

தேங்காயில பருப்ப எடுத்துட்டுத் தொட்டிய, அந்தக் கொட்டாங்குச்சிய, வீசிருவாங்கல்ல, அதக் குழியில கொட்டித் தீ வெப்பா தெய்வாத்தா. சடசடன்னு புடிக்கும். அப்புறம் நேரம் பாத்து, மேல தகரத்தப் போட்டு, மண்ணள்ளி மூடிருவா. காத்து உள்ள போச்சுன்னா அத்தனையும் சாம்பல். போகலைன்னா கரியா நிக்கும். அதனால மூடற நேரத்துல அவ தலையத் திருப்பவே மாட்டா.

அன்னைக்குக் காலைலயும் அப்படித்தான் மூடிட்டிருந்தா. பூவரசி வேலியோரம் செப்பு வெச்சு வெளையாடிட்டிருந்தா. அங்க ஒரு மஞ்ச அரளி. கீழ கெடந்த காய டொக்கு டொக்குன்னு கல்லுல உடைச்சா. உள்ள வெள்ளையாப் பருப்பு.

"அம்மா, பாயசம் வெச்சேன். தின்னு பாத்தேன், கசக்குது."

தெய்வாத்தா கையிலிருந்த மம்பட்டி டொம்முனு விழுந்தது.

"எத்தனை தின்ன?"

"மூணு."

அரளி வெதை வெஷம் சாமி. நெஞ்சுல அடிக்கற தாளத்தையே கலைச்சுரும். மீதி வெதைய முந்தானைல முடிஞ்சுக்கிட்டு, புள்ளையத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடினா. குழிய அப்படியே போட்டுட்டா. அப்போ ஒரு பால் வண்டி வந்தது. குறுக்க போயி நின்னா. கிறீச்! பால்காரரு அவ மூஞ்சியப் பாத்தாரு, கதவத் தொறந்தாரு. நேரா பெரியாசுபத்திரி.

அங்க ஒரு டாக்டரம்மா. வெதையப் பாத்ததும் புள்ள நெஞ்சுல வயர் ஒட்டினாங்க. பக்கத்துப் பெட்டில நெஞ்சுத் துடிப்பு டிக்... டிக்... டிடிக்... அப்புறம் ஒரு டம்ளர்ல கருப்பா ஒரு பொடியக் கலக்கிக் குடுத்தாங்க. பூவரசி தூன்னு துப்பிட்டு வாய இறுக்கி மூடிக்கிட்டா.

"இது என்னங்க?"ன்னு கேட்டா தெய்வாத்தா.

"கரிம்மா. தேங்காத் தொட்டிக் கரி."

"ஐயோ, நான் சுடறதுங்க! தெரிஞ்சிருந்தா அங்கயே இடிச்சுக் குடுத்திருப்பனே."

"குழிக் கரிக்கு இந்தச் சக்தி கெடையாதும்மா. நீங்க சுட்டத கம்பெனில மறுபடியும் நெருப்புல வெச்சு, நீராவிய உஸ்ஸுன்னு உள்ள விடுவாங்க. அப்போ கண்ணுக்குத் தெரியாம லட்சம் லட்சமா ஓட்டை விழும். அந்த ஓட்டைய எல்லாம் விரிச்சா ஒரு கரண்டிப் பொடி ரெண்டு ஏக்கர் காடளவு வரும். வெஷம் அதுல ஒட்டிக்கும், ரத்தத்துல கலக்காம வெளிய வந்துரும். வீட்டுல தண்ணி சுத்தம் பண்ற மிசின்லயும் இதான் இருக்கு. கெட்ட வாடையக்கூட புடிச்சு வெச்சுக்கும். மொதல்ல குடிக்க வையுங்க."

தெய்வாத்தா டம்ளர வாங்கித் தானே ஒரு வாய் குடிச்சா. பல்லெல்லாம் கருப்பு. ஈன்னு காட்டினா. அந்த நெலமையிலயும் புள்ளைக்குச் சிரிப்பு வந்துருச்சு. வாயத் தொறந்தா, மடக் மடக்! அம்மா குடிச்ச அளவுக்கு நர்ஸம்மா இன்னுங் கொஞ்சம் கலக்கி ஊத்தினாங்க. அது மொத டம்ளர்.

மத்தியானம் ரெண்டாவது. குடிச்சா, குடிச்ச வேகத்துல குபுக்குனு வாந்தி எடுத்துட்டா. பெட்டில டிக்... அப்புறம் சத்தமே காணோம்... அப்புறம் டிக். "குழிய மூடப் போயி உன்ன விட்டுட்டனே"ன்னு செவுத்துல சாஞ்சு அழுதா தெய்வாத்தா. டாக்டரம்மா ஊசி போட்டுட்டு, "அழுகறதுக்கு நேரமில்லம்மா, மறுபடியும் குடுங்க"ன்னாங்க. கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தா. இந்தத் தடவ வயித்துல நின்னுச்சு.

பொழுது சாய மூணாவது. இப்போ புள்ளைக்குச் சிரிக்கவும் தெம்பில்ல, அழுகவும் தெம்பில்ல. டம்ளரையே பாத்துட்டிருந்தா.

"இது நீ சுட்டதாம்மா?"

"தெரியல சாமி. இருந்தாலும் இருக்கும்."

யாரும் சொல்லல. தானே வாங்கி மெதுவாக் குடிச்சு முடிச்சா. தூங்கிட்டயா?

"இல்ல. பொழச்சுட்டாளா?"

இரு, சொல்றேன். "கரி அதோட வேலையச் செஞ்சுருச்சு. இனி நாம கண்ணெடுக்காமப் பாக்கணும்"னாங்க டாக்டரம்மா. ரெண்டு நாள் பாத்தாங்க. மூணாம் நாள் பெட்டி டிக் டிக் டிக்குன்னு ஒரே சீரா அடிச்சது. "வீட்டுக்குப் போலாம்"னுட்டாங்க.

அந்தக் குழி? அத்தனையும் சாம்பலாப் போச்சு. தெய்வாத்தா அத அள்ளிக் கொட்டிட்டு, வேற தொட்டி போட்டுச் சுட்டா. இப்பெல்லாம் குழி மூடையில பூவரசியப் பக்கத்துலயே உக்கார வெச்சுக்குவா, ரெண்டு மண்ணுக்கு ஒருக்கா திரும்பிப் பாப்பா.

அப்புறம் வாரக் கடைசில கரி எடுக்கக் கம்பெனி லாரி வந்தது. லோடுமேன் ஒருத்தரு கரி மூட்டைய டம் டம்முனு லாரி மேல வீசிட்டிருந்தாரு.

"அண்ணா, மெதுவாப் போடுங்க."

"கரிதானக்கா?"

தெய்வாத்தா மூட்டை மேல கைய வெச்சா. "எந்தப் புள்ளைக்குப் போகுதோ"ன்னா.

அவருக்கு ஒண்ணும் புரியல. ஆனா அடுத்த மூட்டையத் தோள்ல வாங்கி, சத்தமில்லாம லாரில வெச்சாரு.

அவ்வளவுதான் சாமி. மூட்டையும் ஏறிருச்சு, லாரியும் போயிருச்சு. கண்ண மூடு.