ஏழு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

"டீச்சர், என் பேரை அடிச்சிடுங்க. எனக்கு இங்கிலீஷ் வராது."

தவசி இதைச் சொன்னபோது ஃபரிதா டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"ஏன்?"

"இன்டர்வியூல ரெண்டாவது தடவையும் போச்சு."

தவசிக்கு வயது நாற்பத்துமூன்று. டீச்சருக்கு இருபத்தேழு. திண்டுக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சாயங்கால வகுப்பு. வருகிறவர்கள் எல்லாருமே டீச்சரைவிடப் பெரியவர்கள். டீச்சர் அதிகம் பேசமாட்டார். இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்க வாய் திறக்காத டீச்சரா என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

தவசி கேட்டுப் போன வேலை, ஊருக்கு வெளியே ஒரு பள்ளியில், சின்னப் பையன்கள் விடுதியில் பொறுப்பாளர். பிள்ளைகள் வடக்கேயிருந்து வந்தவர்கள், தமிழ் தெரியாது. அதனால் நாலு வார்த்தை இங்கிலீஷ் வேண்டும். அந்த வேலை மட்டும் கிடைத்தால் அவர் மனைவி பஞ்சவர்ணம் நூல் மில்லில் விடியற்காலை ஷிப்டை விட்டுவிடலாம். நின்று நின்று அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. அவள் நொண்டிக்கொண்டு போவதைப் பார்க்கத் தவசிக்குத் தாங்கவில்லை.

"என்ன கேட்டாங்க?"

"இன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தவசி விறைப்பாக நின்று ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

"ஐ வாஸ் ஈட்டிங் பிரெட் அண்ட் பட்டர். ஐ வாஸ் ரீடிங் த நியூஸ்பேப்பர். ஐ வாஸ் பிளேயிங் வித் மை டாக்."

"உடம்பு சரியில்லையா அண்ணே? காய்ச்சலா?"

"இல்லையே டீச்சர்."

"அப்ப எதுக்கு பிரெட்?"

வகுப்பு சிரித்தது. நம் வீடுகளில் யாராவது காய்ச்சலில் படுத்தால்தானே பிரெட் பாக்கெட் உள்ளே வரும்?

"கைடுல அப்படித்தான் டீச்சர் போட்டிருக்கு."

"நாய்?"

"அதையும் கேட்டாங்க. நாய் பேரு என்னன்னு. அது கைடுல இல்ல."

டீச்சர் கையை நீட்டினார். தவசி கைடைக் கொடுத்தார்.

தவசி உட்காரும் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. வகுப்பு முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும். டீச்சர் குனிந்து கைடை அதன் அடியில் செருகினார்.

பெஞ்சு நின்றது.

"தினம் மூணு மிஸ்டு கால் குடுப்பேன். அந்த நேரத்துல என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்களோ, அதை இங்கிலீஷ்ல எழுதிட்டு வாங்க."

தவசி நோட்டுப் போட்டார். ஏழு மணிக்கு மிஸ்டு கால். நியூஸ்பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு மிஸ்டு கால். நியூஸ்பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கும் மனுஷர் பேப்பரைக் கீழே வைக்கவில்லை. கைடு பெஞ்சுக்கு அடியில் போனால் என்ன, மண்டைக்குள் போனதை யார் உருவுவது?

நாலாம் நாள் டீச்சர் நோட்டைப் புரட்டினார். ஏழு மணி வரிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் ரேகை ஒன்று, எண்ணெயில் பதிந்திருந்தது. டீச்சர் அதைத் தொட்டுக் காட்டினார்.

தவசிக்கு முகம் சுருங்கிவிட்டது. மற்றவர்கள் படியிறங்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

"நான் வேலை பாத்த மில்லை மூடிட்டாங்க டீச்சர். ரெண்டு வருசமா வீட்லதான். பஞ்சவர்ணம் நாலரைக்கே கிளம்பிடும். சமையல் நான்தான், பாத்திரம் நான்தான். ஏழு மணிக்குச் சின்னவளுக்கு எண்ணெய் வச்சுத் தலை சீவி விடுவேன். வெளியில யாரும் கேட்டா ரியல் எஸ்டேட் பாக்குறேன்னு சொல்லுவேன்."

"இதை எழுதலாமே."

"ஆம்பளை, இதைப் போய் எப்படி டீச்சர் இங்கிலீஷ்ல சொல்றது?"

"தமிழ்ல சொல்லியிருக்கீங்களா?"

தவசி யோசித்தார்.

"இல்ல."

டீச்சர் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் டீக்கடையில், பழைய மில் சிநேகிதர் பால்ச்சாமி பிடித்துக்கொண்டார்.

"ஏழு மணிக்கு போன் பண்ணேன், எடுக்கலையே. எவனுக்கோ பிளாட்டு காட்டப் போயிட்டியாக்கும்?"

தவசிக்கு "ஆமா" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லப்பா. மகளுக்குச் சிக்கு எடுத்துக்கிட்டிருந்தேன்."

பால்ச்சாமி அவரையே பார்த்தார். கடையே சிரிக்கப்போகிறது என்று தவசி பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அழாம நிக்குதா உன் பிள்ளை? எங்க வீட்டுல சீப்பைக் கண்டாலே தெருவுக்கு ஓடுது."

"நுனியிலேர்ந்து எடுக்கணும்ப்பா. மேலேர்ந்து இழுத்தா வலிக்கும்ல?"

"அட, இதை யாரும் சொல்லலையே!"

பால்ச்சாமி இன்னும் ரெண்டு டீ சொன்னார். அன்று தவசி வீடுவரை விசிலடித்துக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு நோட்டு இடம் போதாமல் நிறைந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தேன். பால் பொங்கிக்கொண்டிருந்தது, நான் கட்டிலுக்கு அடியில் சாக்ஸ் தேடிக்கொண்டிருந்தேன். பஞ்சவர்ணம் தூங்கிக்கொண்டிருந்தாள், நான் அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"சிக்குக்கு இங்கிலீஷ்ல என்ன டீச்சர்?"

டீச்சருக்கும் சட்டென்று வரவில்லை. அகராதியை எடுத்தார். இரண்டு பேரும் குனிந்து தேடினார்கள்.

மூன்றாவது இன்டர்வியூ. அதே தலைமையாசிரியை. அதே கேள்வி.

இந்தத் தடவை தவசியிடம் ஒப்பிக்க ஒன்றும் இல்லை. காலையில் நடந்ததை நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

"ஐ வாஸ் கோம்பிங் மை டாட்டர்ஸ் ஹேர். ஷி வாஸ் க்ரையிங். ஐ வாஸ் சிங்கிங்."

தலைமையாசிரியை தலையை நிமிர்த்தினார். பாட்டுக்கு அழுகை நின்றதா என்று இங்கிலீஷில் கேட்டார்.

"நோ, மேடம். மை சாங் வாஸ் பேட். ஷி வாஸ் க்ரையிங் மோர்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பிறகு விடுதி தெரிகிற ஜன்னல் பக்கம் திரும்பி, தமிழிலேயே பேசினார்.

"இங்க நாப்பத்தொரு பசங்க இருக்காங்க. எல்லாம் ஆறு வயசு, ஏழு வயசு. பாதிப் பேர் அம்மாவைக் கேட்டு அழுவாங்க. முன்னாடி இருந்தவருக்குப் பிரமாதமான இங்கிலீஷ். ஒரு மாசம்கூடத் தாங்கல."

தவசி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எந்த மொழியில் கேட்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

"நௌ ஹூ இஸ் க்ரையிங், மேடம்?"