பேய் தொடாத தொட்டி

"நாற்றைத் தொட்டியோடு நடுங்கள், நாற்பதே நாளில் தொட்டி மட்கி மண்ணாகிவிடும்" என்று சத்தியம் பண்ணி விற்ற தொட்டி வியாபாரியே, அந்த மிளகாய் வயலைக் கொன்றவர் நீரேதான். பழியோ நாற்று நட்ட பூவாத்தாள் தலையில் விழுந்தது.

மூன்றாம் மாதம் மிளகாய்ச் செடிகள் நின்றபடியே செத்திருந்தன. காற்றே இல்லாதபோதும் சருகுகள் கிசுகிசுத்தன. வயலில் ஒரு காக்கைகூட இறங்கவில்லை.

தொட்டி வியாபாரி காரைவிட்டு இறங்காமலே தீர்ப்புச் சொன்னார்: "இவ கை பேய்க்கை. இனி எவனும் இவளை நடவுக்குக் கூப்பிடாதீங்க."

ஊர் பின்வாங்கியது. பூவாத்தாள் ஒரு செடியைப் பிடுங்கினாள். தொட்டி புத்தம் புதுசாக வெளியே வந்தது. உள்ளே வேர்கள் பிணத்தின் முடிபோல் சுருண்டு இறுகிக் கிடந்தன.

"பேய்தானுங்க," என்றாள். "செடியைத் தின்னுபோட்டு உங்க தொட்டியை மட்டும் தொடாம விட்டிருக்குது. பிளாஸ்டிக்கு அதுக்கும் ஆகாதுங்களா?"

"அடியே, அது தேங்காய்நார்!"

அவள் தீக்குச்சியைக் கிழித்துத் தொட்டியில் வைத்தாள். அது நார்போல் கனன்று எரியவில்லை, பிளாஸ்டிக்காகக் கறுத்து உருகி, நாறிக்கொண்டு சொட்டியது.

கார்க் கண்ணாடி மெல்ல மேலேறியது. பின்வாங்கிய ஊர் இப்போது காரைச் சுற்றி நின்றது. பூவாத்தாள் கண்ணாடியில் தட்டினாள்.

"ஆறாயிரம் தொட்டி மண்ணுக்குள்ள கெடக்குது. இறங்கி வாங்க. ஒண்ணு விடாம உங்க கையாலயே தோண்டி எடுங்க!"