முழங்காலோடு நின்ற கல்

"கல்லு கனம் கூடிப்போச்சு, வாத்தியாரே" என்றார் சுடலையாண்டி.

"கல்லு எப்படி அண்ணாச்சி கனம் கூடும்?"

"பின்னே? மாசியில நெஞ்சு வரைக்கும் வந்துது. ஆடியில இடுப்போட நின்னுது. இன்னைக்கு முழங்காலைத் தாண்ட மாட்டேங்குது. பொங்கலுக்கு ஒன்பது நாள்தான் கிடக்கு."

கொட்டகை போட்டுக் கல் தூக்கப் பழக்குகிற ஞானதுரை வாத்தியாருக்கு முப்பத்திரண்டு வயது. சுடலையாண்டிக்கு நாற்பத்தேழு, வாழைத்தார் மண்டியில் சுமை தூக்குகிறவர். பதினைந்து வயது இளையவரிடம் அவரைக் கைகட்டி நிற்க வைத்தது ஒரு கோபம்.

போன பொங்கலன்று ஊர் கூடி நிற்க, இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போடப் போனார். கல் கைநழுவியது. அவரும் கூடவே தரையில் உட்கார்ந்தார்.

ஊர் சிரித்தது. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இசக்கியம்மாளும் சிரித்தாள். கட்டின பெண்டாட்டி.

அவர் அங்கேயே சொன்னார். "இந்தக் கல்லைத் தோளுக்குப் பின்னால போடுத வரைக்கும் உன் கைச்சோறு ஒரு பருக்கை திங்க மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். காலையில் டீயும் பன்னும். மதியம் மண்டியில் அடிபட்ட பழம் நாலு. இரவில் தண்ணீர். ஒரே வீட்டில் இருந்தும், பதினோரு மாதத்துக்கு மேலாக அடுப்படிப் பக்கம் திரும்பவில்லை.

"வாரத்துக்கு எத்தனை நாள் தூக்குதீய?"

"நீரு மூணு நாள்னீரு. நான் ஏழு நாளும் தூக்குதேன். காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்." நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். சட்டைக்குள் அந்த நெஞ்சு எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது.

வாத்தியார் எழுந்து போய்க் கல்லை அணைத்தார். முழங்கால், நெஞ்சு, தோள். கல் பின்னால் விழுந்தது.

திரும்பி நின்று மறுபடியும் தூக்கிப் போட்டார்.

மூன்றாம் தடவையும்.

சுடலையாண்டிக்குப் பொறுக்கவில்லை. "மாசியில ஒரு தடவை போட்டுட்டு நாக்குத் தள்ளி உக்காந்தீரே. உமக்கு மட்டும் கனம் குறைஞ்சிட்டாக்கும்?"

வாத்தியார் கொட்டகைக்குள் போனார். ஒரு தூக்குவாளியோடு வந்து, அதை இருவருக்கும் நடுவில் வைத்தார்.

மூடியில் ஒரு நசுங்கல் இருந்தது. சுடலையாண்டிக்குத் தெரிந்த நசுங்கல். போன பொங்கலன்று அவர் வாசலில் வீசியெறிந்ததில் விழுந்தது.

"இது இங்க எப்படி வந்துது?"

"நீங்க எங்கிட்ட சேர்ந்த மறுநாள் இசக்கி மயினி கொண்டுவந்தாக. யாரு சோறுன்னு சொல்லாம அவுகளுக்குக் குடுத்திருங்கன்னாக. ஏமாத்தித் தர மாட்டேன்னேன்."

"பிறகு?"

"அப்ப நீங்க சாப்பிடுங்க தம்பி, ஆனா அவுக மனசு மாறி ஒரு நாள் கேக்கும்போது சோறு இல்லாம இருக்கக்கூடாதுன்னாக. அன்னையிலிருந்து ஒரு நாள் தவறலை."

வாத்தியார் மூடியைத் திறந்தார். உளுந்தஞ்சோறு. ஓரத்தில் எள்ளுத் துவையல். அவித்த முட்டை இரண்டு.

சுடலையாண்டி முட்டைகளைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். வாத்தியாரின் தோளைப் பார்த்தார்.



"ஆனாலும் அவ சிரிச்சது தப்புதானே?"

"தப்புதான். முதல் நாளே மயினி எங்கிட்ட அதைச் சொல்லி அழுதாக."

சுடலையாண்டி தூக்குவாளியைத் தன் பக்கம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளையிலிருந்து உமக்குச் சோறு கிடையாது, வாத்தியாரே."