தாய் வாயில் வராத பெயர்

ரொம்ப காலத்துக்கு முன்னே செங்கழனி நாட்டை ஒரு ராஜா ஆண்டு வந்தார். பெயர் சோமநாத வீரகம்பீர பூபதி. நடுவில் இருக்கிற 'வீரகம்பீர' அவர்கள் குலப்பெயர். அந்த வம்சத்தில் எந்த ஆண்பிள்ளை பிறந்தாலும் நடுப்பெயர் அதுதான். முன்பெயர் மட்டும் பாட்டனாருடையதை எடுத்துப் பேரனுக்கு வைப்பார்கள். ராஜா நல்லவர்தான். ஆனால் யார் கடைசியாகக் காதில் பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் சட்டம்.

ராணி மங்களவல்லி போகாத கோயில் இல்லை, வேண்டாத தெய்வம் இல்லை. பதினோரு வருஷம் கழித்து, கடவுள் கண் திறந்து ஓர் ஆண்குழந்தையைக் கொடுத்தார். ராஜாவின் அப்பா பெயர் அருணாசலம். ஆகவே குழந்தைக்கு 'அருணாசல வீரகம்பீர பூபதி' என்று முடிவாயிற்று.

அரண்மனை மணியக்காரர் மாசிலாமணிக்கு, அமைச்சர் ஏகாம்பரத்தின் ஆசனத்தின்மேல் நெடுநாளாய் ஒரு கண். ராஜாவைக் குளிர வைக்கலாமென்று முந்திக்கொண்டார்.

"மகாராஜா! இவ்வளவு பெரிய பெயரை வைத்துவிட்டு, ஆளுக்கு ஆள் குட்டி, பட்டு என்று கூப்பிட்டால் குலத்துக்கு என்ன மரியாதை? இளவரசரை முழுப்பெயரில் அல்லாமல் வேறு பெயரில் அழைத்தால் தண்டனை என்று சட்டம் போடுங்கள்!"

"பேஷ்! வெள்ளிக்கிழமை பெயர் வைத்த நிமிஷத்திலிருந்து அதுதான் சட்டம்!"

"யார் அழைத்தாலுமா, மகாராஜா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"யார் அழைத்தாலும்!"

"அமைச்சருக்குக் காது மந்தம்போல" என்று சிரித்தார் மாசிலாமணி.

அன்று சாயங்காலம் ராணி ஏகாம்பரத்தை அழைத்துவரச் சொன்னாள். பூஜை அறை வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, மாமனார் பேரை நான் எப்படி வாயால் சொல்வேன்? கோயிலில்கூட அந்தச் சாமியை மலைச்சாமி என்றுதான் கும்பிடுகிறேன். நடுப்பெயரோ மகாராஜா பெயரிலும் இருக்கிறது. முன்பெயரும் வராது, நடுப்பெயரும் வராது. செல்லப்பெயர் சொன்னால் குற்றம். பதினோரு வருஷம் அழுது பெற்ற பிள்ளையை வெள்ளிக்கிழமையிலிருந்து எப்படிக் கூப்பிடுவேன்? கை தட்டியா?"

"மகாராஜாவிடம் சொன்னீர்களா அம்மா?"

"சொன்னேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று சொல்லிவிட்டார்."

ஏகாம்பரம் குனிந்து குழந்தையைப் பார்த்தார். "சரி, எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சபை நடுவில் பூச்சரம் சுற்றிய தொட்டில். பக்கத்தில் ராணி, முகம் வாடி நின்றாள். பெயர் சொல்லப் போகிற நேரத்தில் ஏகாம்பரம் எழுந்தார்.

"மகாராஜா, சட்டம் இன்றைக்குத்தான் பிறக்கிறது. அதற்குள் முதல் வழக்கு வந்து நிற்கிறது. இதே குலத்து இளவரசர் ஒருவரை, வீரகம்பீர என்கிற பெயரையே விழுங்கிவிட்டு, ஒரு பெண்மணி தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்து அழைத்தாள். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, வருஷக்கணக்காக!"

"என்ன துணிச்சல்!" என்று ராஜா மீசையைத் தடவினார்.

மாசிலாமணி துள்ளி எழுந்தார். "மொட்டையடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி ஊரைவிட்டுத் துரத்த வேண்டும்!"

"பொறும்" என்றார் ராஜா. "எப்படி அழைத்தாள்?"

ஏகாம்பரம் வாய்க்கு இரண்டு கையையும் குவித்து, கொல்லைப்பக்கம் பார்த்துக் கூப்பிடுகிற மாதிரி குரல் கொடுத்தார்.

"செல்லையா! சோறு ஆறுது, ஓடி வாடா, செல்லையா!"

ராஜாவின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. மாமரத்து நிழல், வெள்ளிக் கிண்ணத்தில் நெய்ச்சோறு, முந்தானையால் வாய் துடைத்துவிட்ட கை எல்லாம் கண்முன்னே வந்தன. அந்தப் பெயரைக் கேட்டு முப்பது வருஷமாயிற்று.

"அம்மா..." என்றார்.

"ஆமாம் மகாராஜா. சோமநாதர் உங்கள் பாட்டனார். மாமனார் பெயரை ராஜமாதா எப்படிச் சொல்வார்கள்? அதனால்தான் தாமாக ஒரு பெயர் வைத்தார்கள். என் அப்பா அப்போது இங்கே சமையல்காரராக இருந்தார். அவரோடு வரும்போது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அந்தச் சோற்றைத் தின்றிருக்கிறேன்." பிறகு திரும்பி, "மணியக்காரரே, கழுதை தயாரா?" என்றார்.

மாசிலாமணி தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார்.

"எழுந்திரும். உம்மை உம் அம்மா எப்படிக் கூப்பிடுவார்?"

"அது... வந்து... பூசணி, மகாராஜா."

சபை கொல்லென்று சிரித்தது.

"நல்லது. அந்தச் சட்டம் இன்றோடு ரத்து. பூசணியாரே, என் பிள்ளையின் பெயரை நீரே ஊரெல்லாம் தமுக்கடித்துச் சொல்லி வாரும். செல்லையா வீரகம்பீர பூபதி! அப்பா பெயரைச் சொல்ல அவர் வெட்டிய அருணாசலப் பேரேரி இருக்கிறது."

"அவ்வளவு பெரிய நடுப்பெயருக்கு முன்னே இத்தனை சின்னப் பெயரா?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்.

"யானை எவ்வளவு பெரிசானாலும் கழுத்தில் கட்டுவது சின்ன மணிதானே!" என்றார் ஏகாம்பரம். ராஜா தம் மோதிரத்தைக் கழற்றி அவர் விரலில் போட்டார்.

ராணி மட்டும் தயங்கினாள். "அது உங்கள் பெயராயிற்றே. நான் சொல்லலாமா?"

"அது ராஜாவின் பெயர் இல்லை, மங்களம். ஒரு பிள்ளையின் பெயர். பிள்ளைக்கே போகட்டும்."

அவள் தொட்டிலில் குனிந்து, முதல்தடவையாக, "செல்லையா" என்றாள்.

நாலைந்து வருஷம் போயிற்று. ஒருநாள் சபையில் பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. உள்கட்டிலிருந்து ராணியின் குரல் வந்தது. "செல்லையா! சோறு ஆறுது, ஓடி வா!"

"இதோ வந்துட்டேம்மா!" என்று சிம்மாசனத்திலிருந்து பாதி எழுந்துவிட்டார் நரைமீசை ராஜா. சபையே தரையைப் பார்த்துக்கொண்டது. ஏகாம்பரம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "போய்ச் சாப்பிட்டு வாருங்கள் மகாராஜா. வழக்கு ஆறினால் பரவாயில்லை."