நாற்பதுக்கு எண்ணெய் ஆகாத கதை

அந்தக் காலத்தில், கண்ணாடிக்கும் வாய் இருந்த காலத்தில், ஓர் ஆஸ்பத்திரியின் சோதனை அறையில் ஒரு நுண்ணோக்கி இருந்ததாம். அதன் சுழல்வட்டில் மூன்று வில்லைகள், அண்ணன் தம்பிகள். மூத்தவன் பத்து, நடுவன் நாற்பது, கடைக்குட்டி நூறு. அவனவன் பேர் எவ்வளவோ, அத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டுவான்.

ஒரு நாள் சுடலைமுத்து என்பவர் தன் மனைவியின் சளியைக் கொண்டுவந்தார். மனைவி வெளியே இருமிக்கொண்டிருந்தாள்.

"காசமா இல்லையான்னு மட்டும் சொல்லிருங்கம்மா."

சோதனை பார்க்கும் அமலோற்பவம் சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றி வைத்தாள். நூறு சிணுங்கினான்.

"அக்கா, எனக்கும் சில்லுக்கும் நடுவுல வெளிச்சம் காற்றிலேயே சிதறிப் போகுது. ஒண்ணும் தெரியல."

அவள் யோசித்து, சில்லின்மேல் ஒரு சொட்டுத் தேவதாரு எண்ணெய் விட்டாள். "இதுல முங்கிப் பாரு, என் ராசா."

நாற்பதுக்கு வயிறு எரிந்தது. "பொழுதெல்லாம் ரத்தமும் சிறுநீரும் பார்த்துச் சாகிறவன் நான். எண்ணெயும் கொஞ்சலும் அவனுக்கா?"

"உனக்குத்தான் காற்றிலேயே நல்லாத் தெரியுதேடா," என்றான் பத்து.

"தெரிஞ்சா? என்னை யாரு ராசான்னு கூப்பிட்டா?"

சுடலைமுத்து கூப்பிட, அமலோற்பவம் ஜன்னலுக்குப் போனாள். அந்நேரம் நாற்பது சுழல்வட்டைத் திருப்பி, தம்பியைத் தள்ளிவிட்டு, எண்ணெயில் முகம் புதைத்தான். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் காற்றில் பார்க்கப் பிறந்த கண் அது, உலகமே புகைமூட்டமாகிவிட்டது.

அமலோற்பவம் வந்து, வட்டு திரும்பியதைக் கவனிக்காமல் குனிந்து பார்த்தாள். "எண்ணெய் விட்டும் கிருமியைக் காணோமே. அப்ப இல்லைதான்." பேனாவை எடுத்தாள்.

"இல்லையா! தாயி, என் வயித்துல பால வார்த்தீங்க!" என்றார் சுடலைமுத்து.

நாற்பது வாயை மூடிக்கொண்டான். சொன்னால் மானம் போகும், எண்ணெய் தம்பிக்கே போகும். வெளியே அந்தப் பெண் மறுபடி இருமினாள். இருமல் நிற்கவே இல்லை.

"அக்கா, எழுதாதீங்க. நீங்க பார்த்தது நூறு வழியா இல்ல. பொறாமையில நான் நுழைஞ்சுட்டேன்."

அமலோற்பவம் பதறி நூறைத் திருப்பினாள். சாய நீலத்தின் நடுவே சிவப்புக் குச்சிகளாய்க் கிருமிகள், கொத்துக் கொத்தாக.

"காசம்தான், அண்ணாச்சி. பயப்படாதீங்க. ஆறு மாசம், ஒரு நாள் விடாம மாத்திரை சாப்பிட்டா குணமாயிரும்."

பிறகு நாற்பதின் கண்ணை மெல்லிய தாளால் துடைத்தாள். அவன் அப்போதும் ஓரக்கண்ணால் தம்பியின் ஈர முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சீட்டை வாங்கிக்கொண்ட சுடலைமுத்து, மனைவியின் கையைப் பிடித்து மருந்து கொடுக்கும் இடத்துக்கு நடந்தார்.

அன்று முதல்தான், சில்லில் எண்ணெய் விழுந்துவிட்டால் நாற்பதின் பக்கம் வட்டைத் திருப்பக்கூடாது என்ற வழக்கம் வந்தது.